பரங்கிக்காய்க்கு ஒரு பொட்டு

உங்களில் ஒருத்தி போன வாரம் போன் செய்திருந்தாள். பால்வாடி வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு மழைக்காலம்கூடப் பார்க்காதவள். பிள்ளைகளை அவர்கள் போக்கில் விடுங்கள், தொட்டுப் பார்க்கட்டும், பிரித்துப் பார்க்கட்டும், நீங்கள் பின்னால் போனால் போதும் என்று பயிற்சியில் சொன்னார்களாம். அவள் என்னிடம் கேட்டாள்: "பின்னாடி போறேன், சரிம்மா. ஒரு புள்ளைக்குப் பல்லு ஒடஞ்சா முன்னாடி வந்து நிக்கிறது யாரு?"

நல்ல கேள்வி. போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. எழுதினால் வரும்போல் இருக்கிறது. உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் எட்டாவதை முடிக்காமல் பள்ளிக்கூடத்தை விட்டவள். பால்வாடிக்கு ஆள் எடுத்த அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது, எனக்குப் பயம் ஜாஸ்தி. சோறு தின்னும்போதே விக்கலுக்குத் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறவள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். பிள்ளைகள் புளியங்கொட்டையை எடுத்தால் மூக்கில் போட்டுக்கொள்வார்களோ என்று பயம். எடுக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தால் காய்ச்சலோ என்று பயம். அதனால் தைரியசாலி ஒருத்தியின் கதை என்று நினைத்து இதைப் படிக்காதீர்கள்.

குமராட்சியைத் தாண்டி, கொள்ளிடக் கரைக்குப் பக்கத்தில் ஒரு ஊர் எனக்குப் பால்வாடி. ஒரே அறை, ஒரு சமையல் மூலை, முன்னால் சின்னத் தாழ்வாரம். 2007ஆம் வருஷம், நடவு நேரம். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சிதம்பரத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்திருந்தது. கடலூரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். பேர் நினைவில்லை. பாடம் எதுவும் நடத்தவில்லை. பாட்டில் மூடி, கயிறு, கொட்டாங்குச்சி எல்லாவற்றையும் ஜமுக்காளத்தில் கொட்டிவிட்டு, பக்கத்துத் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேரை உள்ளே விட்டார். எங்களைச் சுற்றி உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னார். பார்க்கத்தானே சொன்னார்? எங்களால் முடியவில்லை. ஒரு பிள்ளை கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து அடுக்கினால், "அப்புடி இல்லடா கண்ணு" என்று ஒருத்தி கையை நீட்டிவிடுவாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "கை கட்டு, கை கட்டுன்னு இத்தன வருஷமா புள்ளைங்களுக்குச் சொல்லிட்டோம். இனிமே நீங்க கட்டுங்க. முன்னாடி கட்டுனா பிரிச்சிடுவீங்க. முதுகுக்குப் பின்னாடி கட்டுங்க."

திரும்பி வரும்போது மினிபஸ் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஒருத்தி பின்னால் கையைக் கட்டிக்கொண்டே டிக்கெட் கேட்டாள்.

இப்போது எடை நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாசம் ஒரு தடவை பிள்ளைகளுக்கு எடை போடுவது உங்களுக்கும் உண்டு. எங்கள் மெஷின் தொங்குகிற மெஷின். கடிகாரம் மாதிரி வட்டமான முகம், ஒரு ஊசி, மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி. மேல்கொக்கியை உத்தரத்துக் கயிற்றில் மாட்டி, கீழ்க்கொக்கியில் கால்சட்டை மாதிரி ஒரு துணிப்பை கட்டி, அதற்குள் பிள்ளையின் காலை நுழைத்துத் தொங்கவிடுவோம். அதைப் பார்த்தாலே எங்கள் ஊர்த் தாய்மார்களுக்கு ஆகாது. கறிக்கடையில் தொங்குவதுபோல் பிள்ளையைத் தொங்கவிடுகிறார்கள் என்பது ஒன்று. பிள்ளையைத் தராசில் வைப்பது சாமிக்கு வேண்டிக்கொண்டு எடைக்கு எடை கொடுக்கும்போதுதான், வேறு யாரும் தூக்கி வைத்து நிறுத்தால் பிள்ளை தேய்ந்துபோகும் என்பது இன்னொன்று. கெஞ்சிக் கூத்தாடித்தான் எடை போடுவேன். முடிந்ததும் ஒவ்வொரு தாயும் பிள்ளையின் நெற்றியை வழித்துத் திருஷ்டி முறித்துவிட்டுப் போவாள்.

செல்வி மட்டும் அதற்கும் வரமாட்டாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். அவள் புருஷன் செங்கல் சூளை வேலைக்கென்று வெளியூர் போய் வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான். அவளுடைய மூத்த பிள்ளையை நான் வருவதற்கு முன்னால் இந்தப் பால்வாடியில் எடை போட்டிருக்கிறார்கள். நல்ல எடை என்று யாரோ வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் காய்ச்சல் கண்டு பிள்ளை போய்விட்டது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை. இரண்டாவது மகள் கயலைச் சேர்க்க வந்தபோது செல்வி என்னிடம் கேட்டது ஒன்றுதான். "சோறு போடு, பாட்டு சொல்லிக் குடு, அடிச்சாலும் அடி. எம் புள்ளையத் தூக்கி அந்தக் கொக்கியில மட்டும் வச்சிடாத, டீச்சரு." சரி என்று வாக்குக் கொடுத்தேன். எடை நாளன்று கயலைத் தன்னோடு வயலுக்குக் கூட்டிப் போய்விடுவாள்.

கயலுக்கு மூன்றரை வயது. கதவோரம்தான் உட்காருவாள். சத்துமாவு உருண்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வெகுநேரம் இருப்பாள். பெரியம்மா மகளின் பழைய கவுனைப் போட்டு வருவாள். அந்தத் தொளதொள கவுனுக்குள் பிள்ளை எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். குளிப்பாட்டுகிற தாய்க்கு எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்காதீர்கள். தினம் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது. மெலிஞ்ச ஒடம்பு, எங்க வூட்டு வாகு என்பாள் செல்வி. வளர்ச்சி அட்டையைக் காட்டி, கோடு கீழே போனால் ஆபத்து என்று பேசிப் பார்த்தேன். எழுத்துத் தெரியாதவளுக்குக் கோடு என்ன சொல்லும்?

அந்த மாசத்து எடை முடிந்து நான் மெஷினை இறக்கப் போகும்போது, சமையல் மூலையில் புகை சூழ்ந்துவிட்டது. எங்கள் ஆயா அஞ்சலை கூப்பிட்டாள். ஈர விறகைத் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தால், ஷாகிதா என்கிற நாலு வயசுப் பிள்ளை ஆயாவின் துணிப்பையைக் கீழ்க்கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஊசி நகர்ந்தது. பையை எடுத்தாள். ஊசி திரும்பிப் போனது. மறுபடி மாட்டினாள். சுற்றி நின்ற பிள்ளைகளின் தலைகளெல்லாம் ஊசியோடு திரும்பின.

சத்தம் போட எனக்கு வாய் திறந்துவிட்டது. மெஷின் அரசாங்கத்து மெஷின், உத்தரம் பழைய உத்தரம், கொக்கி கண்ணைக் குத்தும். அப்போதுதான் ஒரு பயல், "உள்ள யாரோ குந்திக்கினு இழுக்கறாங்க" என்றான். இல்லை, சாப்பாடு கிடைத்தால்தான் ஊசி நகர்கிறது என்றாள் ஷாகிதா. பை சாப்பாடு, எடுத்துவிட்டால் பசி என்று ஒரு பெரிய வாதம். நான் வாயை மூடிக்கொண்டு கையைப் பின்னால் கட்டினேன். ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாங்க டீச்சரு, போலீசு புடிச்ச மாதிரி நிக்கிறீங்க" என்றாள்.

மறுநாள் பிள்ளைகள் வருவதற்கு முன்னாலேயே போனேன். மெஷினைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்துக்குத் தாழ்த்திக் கட்டினேன். உத்தரத்தில் இன்னொரு கயிறு போட்டு நானே தொங்கிப் பார்த்தேன். கொக்கி முனையில் துணி சுற்றினேன். கீழே வைக்கோல் போட்டுச் சாக்கு விரித்தேன். பயப்படுவதையெல்லாம் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் பயந்து முடித்துவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. அவர்கள் வந்த பிறகு பயந்தால் அது அவர்கள் கையில் இருப்பதைப் பிடுங்குவதில்தான் போய் முடிகிறது.

அதன் பிறகு அந்த அறையில் எடை பார்க்காத சாமான் இல்லை. செங்கல், செருப்பு, சின்னத் தண்ணீர்க் குடம். பொரி மூட்டையைக் கொண்டுவந்து இரண்டு பேர் கட்டிப்பிடித்து மாட்டினார்கள். ஊசி லேசாக அசைந்ததோடு சரி. அவ்வளவு பெரிய மூட்டைக்கு இவ்வளவுதானா என்று மெஷினையே திட்டினார்கள். நனைந்த சாக்கும் காய்ந்த சாக்கும் ஒன்றா என்பதில் ஒரு நாள் முழுக்கப் போனது. எனக்கு ஆசை வந்து, இது ஒண்ணு, இது ரெண்டு என்று ஊசிக்குப் பின்னால் இருக்கும் எண்களைக் காட்டினேன். ஒருவர்கூட என் விரலைப் பார்க்கவில்லை.

எண்ணுக்கு வழி கண்டுபிடித்தவள் கயல். கதவோரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து நின்றவள், செங்கல்லை மாட்டி ஊசி நின்றதும், தன் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, மெஷின் முகத்துக் கண்ணாடியில் ஊசி நின்ற இடத்தில் ஒட்டினாள். ஏன் என்று ஷாகிதா கேட்டாள். செங்கல்லை எடுத்ததும் ஊசி வீட்டுக்குப் போய்விடும், அப்புறம் அது எதுவரைக்கும் வந்தது என்று யாருக்குத் தெரியும் என்றாள். அந்தப் பிள்ளை அவ்வளவு நீளமாகப் பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

அதற்குப் பிறகு ஊரில் எந்த வீட்டிலும் பொட்டு மிச்சமில்லை. "எம் பொட்டுப் பாக்கெட்ட உம் பால்வாடிதான் தின்னுது" என்று ஒருத்தி வாசலில் நின்று சண்டை போட்டாள். ஷாகிதா வீட்டில் பொட்டு கிடையாது. அவள் அத்தா சிதம்பரத்தில் பழவண்டி வைத்திருந்தார். ஆப்பிள் மேல் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கர்களை உரித்துக்கொண்டு வந்தாள். செங்கல்லுக்குக் கருப்பு, குடத்துக்குப் பச்சை. ஆயா தன் கூரைமேல் காய்த்த, பிள்ளை கனத்துக்கு இருந்த ஒரு பரங்கிக்காயைச் சாம்பாருக்கென்று இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் வெட்ட விடவில்லை. அதற்குப் பெரிய சிவப்புப் பொட்டு. "இத சாம்பார்ல போடவா, சாமி ரூம்ல வைக்கவா?" என்று ஆயா நாலு நாள் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

பிறகு அவர்களே ஏற ஆரம்பித்தார்கள். கவிழ்த்த வாளிமேல் நின்று, துணிப்பைக்குள் காலை விட்டு, வாளியை இன்னொருத்தர் இழுக்க வேண்டும். நான் ஒரு எட்டில் பிடிக்கிற தூரத்தில், கை பின்னால். எடை நாளில் ஊரைக் கூட்டி அழுத அதே பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு பொட்டு விழுந்தது. ஒவ்வொரு பொட்டும் பரங்கிக்காயைத் தாண்டி விழுந்தது. நான் பரங்கிக்காயை ஜெயிச்சிட்டேன் என்று வீட்டுக்கு வீடு போய்ச் சொன்னார்கள். முத்து என்ற இரண்டரை வயசுப் பயல், எல்லோரிலும் சின்னவன், அவனும் ஜெயித்தான்.

கயல் ஏறவில்லை. ஏறச் சொல்லி நானும் கேட்கவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன் இல்லையா? மற்ற பிள்ளைகளுக்கு அவள்தான் பொட்டு ஒட்டினாள்.

ஒரு நாள் காலையிலேயே வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டது. நடவை நிறுத்திவிட்டுப் பெண்கள் வரப்பில் திரும்பி வருவது ஜன்னல் வழியே தெரிந்தது. நான் தாழ்வாரத்துச் சாக்கை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினேன். கயல் வாளிமேல் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் துணிப்பைக்குள்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். தூக்கி இறக்கினால் செல்விக்குக் கொடுத்த வாக்கு நிற்கும். ஆனால் எல்லோரும் செய்ததை நீ மட்டும் செய்யக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் அந்தப் பிள்ளைக்குச் சொன்னதாகும். விட்டுவிட்டால் அவளுக்கு நாளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் செல்வி என் வாசலில் நிற்பாள். போன மகளையும் சேர்த்துக்கொண்டு நிற்பாள். எந்தப் பக்கம் கையை நீட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீட்டாமல் நின்றேன். அதைத் தைரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஷாகிதா வாளியை இழுத்தாள்.

கயல் தொங்கினாள். ஊசி கிளம்பி, செங்கல்லைத் தாண்டி, குடத்தைத் தாண்டி, சிவப்புப் பொட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

"எறக்கு."

செல்வி வாசலில் நின்றாள். புடவை முழங்கால்வரை சேறு, தலையில் நனைந்த சாக்கு. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆயா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் கயலிடம் ஓடினேன்.

"நானே ஏறுனேன்" என்றாள் கயல், நான் தொடுவதற்கு முன்னாலேயே. "யாரும் தூக்கலம்மா. நானே."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் எதையாவது சொல்லியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். வழக்கமாகச் சொல்கிறவள்தான். எடை என்றால் என்ன, அட்டை என்றால் என்ன என்று. அன்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஷாகிதாதான் பேசினாள். "அத்த, கயலு பரங்கிக்காய்க்கிட்டகூட வரல." செல்விக்குப் புரியவில்லை. ஷாகிதா அவள் ஈரப் புடவையைப் பிடித்து இழுத்து வந்து, மெஷின் முகத்தில் விரல் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். இது செங்கல்லு. இது கொடம். இது ஆயாவோட பரங்கிக்காய். இந்த ஆப்பிள் ஸ்டிக்கரு நானு. இது முத்து. "கயலு இங்க இருக்கா."

கோடும் எண்ணும் போட்ட அட்டையை நான் எத்தனையோ தடவை காட்டி வாங்க முடியாத பார்வையை அந்தப் பொட்டுகள் வாங்கின. செல்வி முத்துவின் பொட்டைத் தொட்டாள். பிறகு திரும்பி, மூலையில் பொரி தின்றுகொண்டிருந்த முத்துவைப் பார்த்தாள்.

"அவன் எம் மவளுக்குச் சின்னவந்தான?"

"ஒரு வயசு சின்னவன்" என்றேன்.

அவள் மகளுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து லேசாக ஏந்தினாள். ஊசி இறங்கியது. கையை எடுத்தாள். ஊசி அதே இடத்துக்கு வந்தது. இரண்டு தடவை செய்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கிச் சாக்கால் மூடிக்கொண்டு மழையிலேயே போய்விட்டாள்.

அன்று மீதி நேரம் நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மெஷினைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாமா என்று ஆயாவிடம் கேட்டேன். "வைங்க. புள்ளைங்க கேட்டா நீங்களே பதில் சொல்லிக்கிங்க" என்றாள். கழற்றவில்லை.

மறுநாள் காலை மினிபஸ் நிற்கும் இடத்தில் செல்வி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் வந்தாள். சண்டைக்குத்தான் என்று நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சிதம்பரம் பெரியாஸ்பத்திரிக்கு எங்க எறங்கணும், டீச்சரு? நீ கூட வரியா?"

பால்வாடியை ஆயாவிடம் விட்டுவிட்டு ஏறினேன். பஸ்ஸில் கயலை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிறகு வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ தூக்கி வச்சிருந்தன்னா ஒன்ன மண்ணள்ளித் தூத்திட்டுப் போயிருப்பேன். யாரும் தூக்கி வைக்கல. அவளா ஏறி அவளா சொல்லுறா. கேக்காம எப்புடி இருக்கறது?"

டாக்டர் எவ்வளவு நாளாக எடை கூடவில்லை என்று கேட்டார். "அது தெரியாதுங்க, பரங்கிக்காய விடக் கொறச்சல்" என்றாள் செல்வி. அவர் என் பக்கம் திரும்பினார். நான் கிலோவில் சொன்னேன். படம் எடுத்தார்கள், கையில் ஊசி போட்டு மூன்றாம் நாள் வரச் சொல்லிப் பார்த்தார்கள். பிரைமரி காம்ப்ளெக்ஸ், பிள்ளைகளுக்கு வருகிற டி.பி. என்றார்கள். நெஞ்சில் சளியாகத் தங்கிப் பிள்ளையை உள்ளுக்குள்ளேயே உருக்குகிற நோய், மாசக்கணக்கில் மருந்து விடாமல் கொடுத்தால் சரியாகிவிடும் என்று விளக்கினார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் அந்த டாக்டர் சொன்னார். அதை நான் எழுதப் போவதில்லை.

போனில் கேட்டவளுக்குப் பதில் இதுதான். பல் உடைந்தால் முன்னால் வந்து நிற்பது நீதான் கண்ணு, அது மாறாது. பயமும் போகாது, எனக்குப் போகவில்லை. வைக்கோல் போடு, கயிற்றை இழுத்துப் பார், ஒரு எட்டுத் தூரத்தில் நில். அதற்கு மேல், ஒரு பிள்ளை எதையோ கண்டுபிடிக்கக் கிளம்பும்போது அது எதில் போய் முடியும் என்று உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. எண் கற்றுக் கொடுக்கப் போன நான் கையைப் பின்னால் கட்டாமல் இருந்திருந்தால் அந்தப் பொட்டை ஒட்ட விட்டிருக்கவே மாட்டேன். எண்ணுக்குப் பக்கத்தில் பொட்டு எதற்கு என்று பிய்த்திருப்பேன்.

மருந்து ஓடியது. பிள்ளைகளுக்கு மெஷின் அலுத்துவிட்டது. மழைத்தண்ணீர் தாழ்வாரத்து ஓரமாக எந்த வழியில் ஓடுகிறது என்பதில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். சூப்பர்வைசர் வந்து பொட்டுகளைப் பார்த்துவிட்டு, அரசாங்க சொத்து இப்படியா இருக்கும் என்று கேட்டார். கழுவி வைத்தேன். பரங்கிக்காய் ஒரு வழியாகச் சாம்பாருக்குப் போனது.

தை பிறந்து வந்த எடை நாளன்று செல்வி வேலைக்குப் போகாமல் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். எல்லாப் பிள்ளைகளும் ஏறி இறங்கினார்கள். கயல் தாழ்வாரத்து ஓரத்தில் குந்தி, கை கழுவிய தண்ணீருக்கு வேப்பங்குச்சியால் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் தண்ணீர் மேட்டில் ஏற மறுத்தது. அதுதான் பிரச்சினை.

"வாடி, ஒரு வாட்டி ஏறிப் பாருடி" என்றாள் செல்வி.

"போம்மா, வேல இருக்கு."

செல்வி என் பக்கம் திரும்பினாள். "நீயாவது தூக்கி வையேன், டீச்சரு."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஊசி எங்கே நிற்கும் என்று பார்க்காமல் எனக்கும் அன்று சோறு இறங்காது. "வேல இருக்குன்னு சொல்லிட்டாளே" என்றேன். இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து, தண்ணீர் மேட்டில் ஏறுமா ஏறாதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். முட்டை போட்டு, சோறு போட்டு, மற்ற தாய்மார்கள் போயாகிவிட்டது. மேட்டைக் கொஞ்சம் வெட்ட வேண்டும் என்பது கயலுக்குக் கடைசியில் தட்டுப்பட்டது. தண்ணீர் ஓடியது. அதற்குள் அவளுக்குக் கண் சொக்கிவிட்டது.

செல்வி குனிந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். பத்தடி போயிருப்பாள். நின்றாள். பிள்ளையை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றினாள். மறுபடி நடந்தாள், மறுபடி நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"கனக்குறா, டீச்சரு."